பின்னால் நிற்பவன்

கல்கத்தாவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் முதல் மாதத்தில் கடுகெண்ணெய்க்குப் பழக வேண்டும். இரண்டாவது மாதத்தில் கால்பந்துக்குப் பழக வேண்டும். முன்னதில் நான் இன்னும் தேறவில்லை. பின்னதில் தேறிவிட்டதாக எண்ணிக் கொண்டிருந்தேன், விடுதிகளுக்கிடையே நடந்த இறுதி ஆட்டம் வரையில்.

அதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். நான் எங்கள் விடுதியின் பாக். ஆட்டம் முடிய ஐந்தே நிமிஷம். பக்கவாட்டிலிருந்து வந்த பந்தை வெளியே தட்டுவதற்காக இடக்காலை நீட்டினேன். பந்து எங்கள் கோலுக்குள்ளேயே போய்ப் படுத்துக் கொண்டது. கோப்பை எதிர் விடுதிக்குப் போயிற்று. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பூட்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மூன்று நாள் மெஸ்ஸில் எல்லாரும் போன பிறகே சாப்பிட்டேன்.

நான்காம் நாள் வகுப்புத் தோழன் ஒருவன் என்னை ஹௌராவிலுள்ள தன் வீட்டுக்கு இழுத்துப் போனான். அவனுடைய தாத்தாவுக்கு வயது 85. அவரை நானும் ‘தாது’ என்றே அழைக்கிறேன். மோகன் பகான் என்றால் அவருக்குக் குலதெய்வம் மாதிரி. “இந்தியாவின் தலைசிறந்த பாக் யார், தாது?” என்று பேரன் வேண்டுமென்றே திரியைக் கொளுத்திப் போட்டான்.

நான் முந்திக் கொண்டு, “ஜர்னைல் சிங்” என்றேன்.

தாது சிரித்தார். “நான் ஜர்னைலைப் பார்த்தவன். சைலேன் மன்னாவையும் பார்த்தவன். கோஷ்ட பாலை என் அப்பா பார்த்தார். ஆகையால் மூன்று பேரைப் பற்றியும் எனக்குப் பேச உரிமை உண்டு. உனக்கு என்ன உரிமை?”

எனக்கு இருந்த உரிமையெல்லாம் புத்தகம் படித்ததுதான்.

கோஷ்ட பாலைச் ‘சீனப் பெருஞ்சுவர்’ என்பார்கள். 1912-இல் மோகன் பகானில் சேர்ந்து, பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரப் பட்டாளங்களை வெறுங்காலோடு தடுத்து நிறுத்தியவர். 1962-இல் பத்மஸ்ரீ பெற்றார். கால்பந்து ஆட்டக்காரர்களில் அதை முதலில் பெற்றவர் அவரே. நான் விடவில்லை. “அந்தக் காலத்து ஆப்சைடு விதி பாக்குகளுக்குத் துணை நின்றது, தாது!” என்றேன். விஷயம் இதுதான்: 1925 வரை, முன்னே ஓடுகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிராளிகள் மூவர் இருக்க வேண்டும். இரண்டு பாக்குகளில் ஒருவர் சற்று முன்னே நகர்ந்தால் போதும், வந்தவன் ஆப்சைடில் மாட்டிக் கொள்வான். அவ்வாண்டு மூன்று இரண்டாயிற்று. அதன் பிறகு பாக் ஒருமுறை சறுக்கினால் எதிராளிக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே காற்றுத்தான்.

“சரிதான். ஆனால் கோஷ்ட பால் 1935 வரை ஆடினாரே! புது விதியில் பத்து வருஷம். சுவர் விழுந்ததா?” என்றார் தாது. நான் வாயை மூடிக் கொண்டேன்.

ஜர்னைலின் கட்சியை நான் கொஞ்சம் ஆவேசமாகவே பேசினேன். லாயல்பூரில் பிறந்து, பிரிவினையின்போது சிறுவனாக எல்லை தாண்டி வந்தவர். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தாய்லாந்துடன் ஆடும்போது தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். பயிற்சியாளர் ரஹீம் அவரை அரையிறுதியில் முன்வரிசைக்கு அனுப்பினார். தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக இன்னொரு கோல், அதுவும் தலையால்! இரண்டுக்கு ஒன்று என்று தங்கம் நமக்கு. அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், தாதுவும் ஆட்சேபிக்கவில்லை.

“ஆனால் நீ சொன்னது பாக்கின் பெருமையா, பார்வர்டின் பெருமையா? அவர் முன்னே போனபோது பின்னால் யார் நின்றது?” என்று கேட்டார்.

“அருண் கோஷ்…” என்று இழுத்தேன்.

“அவருக்கு யார் சிலை வைத்தார்கள்?”

பாக் தடுத்த பந்துகளை எண்ணி வைக்க அந்நாளில் யாரும் கணக்குப் புத்தகம் போடவில்லை. கோல் போட்டவன் பெயர்தான் பத்திரிகையில் வரும்.

பிறகு மன்னா. (மன்னாவும் ஹௌராக்காரர் என்பதை வாசகர் கவனிக்க.) 1942 முதல் 1960 வரை மோகன் பகானுக்கு மட்டுமே உழைத்தவர். தாது குரலைத் தாழ்த்திக் கொண்டார். “1948 லண்டன் ஒலிம்பிக். பிரான்சுடன் ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டும் வீண். அதில் ஒன்றை அடித்தவர் மன்னா. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.”

சாரங்கபாணி ராமன் போட்ட அந்த ஒரு கோலை நான் படித்திருக்கிறேன். பெனால்டி விஷயத்தை எப்படியோ தாண்டிப் போயிருக்கிறேன்.

“பிறகு?”

“பிறகு என்ன? 1951-இல் டில்லியில் ஆசியப் போட்டி. காப்டன் அவர்தான். இரானை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்று தங்கம் வாங்கினோம். அடுத்த வருஷம் ஹெல்சிங்கியிலும் அவர்தான் காப்டன். அங்கே யுகோஸ்லாவியா பத்துக் கோல் போட்டது.”

“பத்தா!”

“பத்து. மன்னா ஊருக்குத் திரும்பி வந்தார். எட்டு வருஷம் ஆடினார்.” தாது தேநீரை உறிஞ்சினார். “நீ என்ன இடத்தில் ஆடுகிறாய்?”

பேரன் சுவரைப் பார்த்தான். வரும் வழியிலேயே இவன் சொல்லி வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் புரிந்தது.

“பாக்” என்றேன். ‘ஆக இருந்தேன்’ என்று சேர்க்க வங்காளி இலக்கணம் வரவில்லை.

“எந்தக் கால்?”

“இடக்கால், தாது. அது எனக்குச் சரியாக வராது.”

“வராத காலை ஏன் நீட்டினாய்?” என்றார். மூன்று நாளில் என்னைத் திட்டிய முதல் மனிதர் அவர்தான். அடுத்த ஞாயிறு வந்தால் அருண் கோஷைப் பற்றித் தனியாகச் சொல்வதாகவும், ஆட்டம் முடிந்த பிறகு வந்தால் போதும் என்றும் கூறி அனுப்பினார்.

மறுநாள் மாலை பயிற்சிக்குப் போனேன். சிறிது நேரத்திலேயே அதே பக்கத்திலிருந்து அதே மாதிரி ஒரு பந்து வந்தது. உடம்பைத் திருப்பி வலக்காலால் ஓங்கி உதைத்தேன். பந்து மதிலைத் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. எடுத்து வரவும் என்னையே அனுப்பினார்கள்.