பெரிய மாமாவின் பிடியாணை

எங்கள் வீட்டுக்கு மலாய் மொழியில் எந்தக் கடிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படித்ததனால் குடும்பம் கண்ட முதல் பயன் அதுதான் என்றால் மிகையாகாது. தண்ணீர்க் கட்டணம், வங்கி நோட்டீஸ், நிலவரி என எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லியிருக்கிறேன். பெரிய மாமா மட்டும் தமது கடிதங்களைக் காட்டியதே இல்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். அம்மா சமையலறைக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு, "இத கொஞ்சம் பாரும்மா, உங்க அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

பையில் காலாவதியான ஓட்டுநர் உரிமம் ஒன்றும், மடித்து மடித்துக் கிழிந்துபோன போலீஸ் நோட்டீஸின் நகல் ஒன்றும் இருந்தன. மாமா 26 ஆண்டுகள் லோரி ஓட்டியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு திடீரென்று அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலுக்குப் போனார். முதுகுவலி என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். முதுகில் ஒன்றுமில்லை. உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது கறுப்புப் பட்டியலில் பெயர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்க அவருக்குத் துணிவில்லை.

பேராக்கில் ஒரு சிறு நகரத்துக்கு அருகே, இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்தியதற்காக அவருக்குச் சம்மன் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வர வேண்டிய தேதியும் அதிலேயே இருந்தது. லோரி நிறுவனத்தின் மேற்பார்வையாளர் "நாங்க பாத்துக்கிறோம்" என்று அசல் நோட்டீஸை வாங்கி வைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. அதன்பின் கடிதம் ஏதும் வந்திருந்தால் அது காப்பார் பக்கம் இருந்த தோட்டத்து லயத்துக்குத்தான் போயிருக்கும். அடையாள அட்டையில் இருப்பது அந்த முகவரிதான். லயம் இடிக்கப்பட்டு அங்கே வீடமைப்புப் பகுதி வந்து வெகுகாலம் ஆகிறது. முகவரி மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவுத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நம்மவர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்?

எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. எங்கள் கழகத்தின் முன்னாள் உறுப்பினரான ஓர் அக்காள் பிரிக்ஃபீல்ட்சில் வழக்கறிஞராக இருக்கிறார். அவரைத் தேடிப் போனேன். மாடிப்படிக்குக் கீழே பூக்கடையும் மேலே அவருடைய அலுவலகமும் இருந்தன. நோட்டீஸைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது இன்னும் சம்மனா, இல்ல வாரண்டா?"

வேறுபாட்டை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அபராதத் தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளும் கட்டத்தில் சம்மன் இருந்தால் காவல்துறையின் செயலியிலேயே கட்டிவிடலாம். ஆனால் நீதிமன்றத்துக்கு வரச் சொன்ன நாளில் ஆள் வராவிட்டால் மாஜிஸ்திரேட் கைது ஆணை பிறப்பிக்கலாம். அதன்பிறகு கவுண்டரில் பணத்தை நீட்டித் தப்ப முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, அந்த ஆணை நிறைவேற்றப்படும்வரை, அல்லது அதைப் பிறப்பித்த நீதிமன்றமே இரத்துச் செய்யும்வரை உயிரோடு இருக்கும். மூன்று ஆண்டானாலும் முப்பது ஆண்டானாலும் அதற்கு வயதாவதில்லை. கிள்ளானில் இருக்கும் நீதிமன்றத்தில் போய் அழுதாலும் பயனில்லை. பிறந்த இடத்தில்தான் அதற்கு முடிவு.

தமிழில் இதைப் பிடியாணை என்கிறோம். மாமா "வாரன்" என்பார், ஏதோ ஓர் ஆளின் பெயரைச் சொல்வதுபோல.

நீதிமன்றப் பதிவகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, அடையாள அட்டை எண்ணையும் நோட்டீஸ் எண்ணையும் சொன்னேன். சற்று நேரம் காத்திருக்கச் சொன்ன எழுத்தர், ஆணை இருப்பதை உறுதிப்படுத்தி வழக்கு எண்ணைக் கொடுத்தார். காலை 9 மணிக்கு முன்னால், அசல் அடையாள அட்டையோடு, நேரில் வரச் சொன்னார். அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளாக மாமாவைத் தூங்கவிடாத கேள்விக்கு விடை கிடைக்க பதினோரு நிமிடம் ஆனது.

ஆனால் மாமா வர மறுத்தார். "உள்ள வச்சிட்டா?" என்பதே அவர் கேள்வி. அதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. 2009இல் சுபாங் ஜெயாவில் போலீஸ் தடுப்புக்காவலில் குகன் இறந்ததும், 2021இல் கோம்பாக்கில் தடுத்து வைக்கப்பட்ட பிறகு கணபதி மருத்துவமனையில் இறந்ததும் நம் வீடுகளில் செய்தியாக மட்டுமா பேசப்பட்டன? அப்பெயர்களைக் கேட்டு வளர்ந்த வீட்டில், "நீங்களே போய் நில்லுங்கள்" என்று சொல்வது எளிதல்ல.

வழக்கறிஞர் அக்காள்தான் அவரிடம் பேசினார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 5ஆம் விதி சொல்கிறது. ஆனால் பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது. "அண்ணே, கிள்ளான்ல ரோட் பிளாக்ல பிடிச்சா, லாக்கப்ல இருந்து பேராக் வரைக்கும் அவங்க கூட்டிக்கிட்டுப் போவாங்க. நீங்களா போனா, உங்க கால்ல நடந்து போவீங்க." மாமா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "என்னைக்குப் போறது?" என்றார்.

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். மாமா பின்இருக்கையில், தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் 26 ஆண்டு வழக்கம் விடுமா? "கியர் மாத்தும்மா", "லோரி பின்னாடி ஒட்டாத" என்று ரவாங் வரை பாடம் நடந்தது. தஞ்சோங் மாலிமை நெருங்கியதும் குரல் நின்றுவிட்டது. பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் பேராக். மூன்று ஆண்டுகளாக அவர் அந்த ஆற்றைத் தாண்டியதில்லை. சுங்கை சிப்புட்டில் சின்னம்மா வீட்டிலிருக்கும் பாட்டியைப் பார்க்கவும் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றே தொலைபேசியில் சொல்லி வந்திருக்கிறார். பாட்டிக்கு 84 வயது.

நீதிமன்றம் எங்கள் இடைநிலைப்பள்ளி அலுவலகத்தைவிடச் சற்றுப் பெரியது. கவுண்டரில் பெயரைக் கொடுத்துவிட்டு அமர்ந்தோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, வேண்டுமென்றால் காத்திருக்க நேரிடும் என்றார்கள். மலாயே போதும் என்றார் மாமா. 10.40க்கு அழைத்தார்கள். மாஜிஸ்திரேட் இளம்பெண், என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கலாம். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது, மாமா ஒப்புக்கொண்டார். அன்று ஏன் வரவில்லை என்று கேட்டார் மாஜிஸ்திரேட். முந்தைய இரவு முழுதும் நாங்கள் ஒத்திகை பார்த்த பதிலை மாமா மறந்துவிட்டார். "சாயா தாக்குட், புவான்," என்றார். பயமாக இருந்தது, அம்மா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிடியாணை இரத்து. அபராதம் 400 ரிங்கிட். கட்டத் தவறினால் மூன்று நாள் சிறை. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 79(2) பிரிவில் குறைந்தபட்ச அபராதமே 300 ரிங்கிட் என்று அக்காள் முன்பே சொல்லியிருந்ததால் எங்களுக்கு அதிர்ச்சியில்லை. கவுண்டரில் கட்டினோம். ஆணை இரத்தானதற்குச் சான்றாக ஒரு தாளைக் கேட்டு வாங்கினோம். கணினியில் பெயர் நீங்க நாளாகலாம், அதுவரை தாளைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அக்காள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எதிரே இருந்த கடையில் மாமா நான்கு நகல் எடுத்தார். இரண்டு போதும் என்றேன், கேட்கவில்லை.

காருக்கு வந்ததும், "சுங்கை சிப்புட் எவ்வளவு நேரம்?" என்றார். வழி அவருக்குத் தெரியாததா! அன்று மதியம் பாட்டி வீட்டில் சாப்பிட்டோம். ஏன் இத்தனை நாளாய் வரவில்லை என்று பாட்டி கேட்கவில்லை. மெலிந்துவிட்டாய் என்று மட்டும் சொன்னார்.

கறுப்புப் பட்டியலிலிருந்து பெயரை நீக்க இன்னும் இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. மறுவாரம் தேசியப் பதிவுத்துறையில் முகவரியையும் மாற்றினோம். புதிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மாமா, "தோட்டத்துப் பேரு இனிமே எதுலயும் இல்ல பாரு" என்றார்.