திரையில் ஒரு புள்ளி

கோடை விடுமுறையில் இருப்பூர்தியில் இடம் கிடைக்காதபோது, விக்ரோலியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் சில மகிழுந்திலேயே ஊருக்குப் புறப்படுகின்றன. புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு வழியாகக் கிருஷ்ணகிரியை அடைந்து, அங்கிருந்து தெற்கே மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் செல்லும் நெடும்பயணம் அது. வழிகாட்டுவது டேப்லெட் எனப்படும் பலகைக் கணினி. மலைப்பாதையில் கைப்பேசி அலை அறுந்ததும், இனி வழி தெரியாது என்று பலர் கலங்குகின்றனர். அக்கலக்கம் தேவையற்றது.

நாம் நிற்கும் இடத்தை அறிவிப்பது இணையம் அன்று. விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்கள், அலை புறப்பட்ட நேரத்தையும் அந்த அலையோடு சேர்த்தே அனுப்புகின்றன. அது வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் அலை கிடைத்தால் இடம் புலப்பட்டுவிடும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். இவ்வாறு இயங்குவதே. இந்தியாவும் 2013 முதல் இதற்கெனச் செயற்கைக்கோள்களை ஏவியது. 2016இல் அத்தொகுதிக்கு 'நாவிக்' என்று பெயரிடப்பட்டது. இந்தி பயிலும் மாணவர் அதன் பொருளை உடனே சொல்லிவிடுவர்: கடலோடி.

இணையம் வேண்டப்படுவது நிலப்படத்திற்கே. புறப்படுமுன் படத்தைக் கருவியில் பதிவிறக்கி வைக்காவிட்டால், வெறுந்திரையில் ஒரு புள்ளி மட்டுமே மினுங்கும். சிம் அட்டை வசதியற்ற சில பலகைக் கணினிகளில் செயற்கைக்கோள் அலையை வாங்கும் உறுப்பே இராது. வாங்கும்போதே கேட்டறிய வேண்டிய செய்தி இது. (சுரங்கப்பாதைக்குள் எந்தக் கருவிக்கும் விண்ணலை எட்டாது, வெளியே வந்ததும் புள்ளி தானே நகரத் தொடங்கும்.)

சாலையில் வழி தவறினால் தேநீர்க் கடையில் கேட்கலாம். கடலில் யாரைக் கேட்பது? குமரி மாவட்டத்து மீனவர், கரையிலுள்ள தேவாலயக் கோபுரத்தையும் அதன் பின்னே எழும் மலைமுகட்டையும் ஒரே நேர்கோட்டில் கண்டு தம் இடத்தைக் குறித்தனர். இரவில் வடமீன் திசை காட்டியது. ஆயினும் இக்கணக்கு எதற்கும் அகப்படாத ஒன்று பாக் நீரிணையில் உண்டு. 1974இல் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட எல்லைக்கோடு அது. நீரில் அதற்குத் தடயமே இல்லை. திரையில் மட்டுமே தெரியும். வலையை விரித்துவிட்டுக் காத்திருக்கும் இரவில், காற்றும் நீரோட்டமும் படகை மெல்ல இழுத்துச் செல்லும். கோட்டைத் தாண்டினால் கைதாகலாம், படகும் பறிபோகலாம். இராமேசுவரத்து மீனவர் குடும்பத்திற்கு அப்படகே பிழைப்பு. ஆகவே அங்கே கருவியை இயக்கி வைப்பது மட்டும் போதாது. அதை அடிக்கடி பார்க்கவும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

எல்லைக்கோடு இல்லாத நீரிலும் திரை காட்டாதது உண்டு. விக்ரோலிக்குக் கிழக்கே, அலையாத்திக் காடுகளுக்கு அப்பால் விரிகிறது தாணே கடற்கழி. சாதாரண நிலப்படம் அதை எந்நேரமும் ஒரே நீலமாகக் காட்டும். தாழ் ஓதத்திலோ அந்த நீலத்தின் பெரும்பகுதி சேறு. பூநாரைகள் இறங்கி மேயும் சேறு. புள்ளி நீரின்மேல் நிற்க, படகு சேற்றில் புதைந்து கிடக்கும். தலைமுறைகளாக அங்கு மீன்பிடிக்கும் கோளி மக்கள் ஓதத்தின் ஏற்றமும் இறக்கமும் அறிந்தே படகை இறக்குவர். எதிர்க்கரையில் உள்ள ஐரோலியில் பூநாரைகளைக் காணச் செல்வோருக்கும், படகு புறப்படும் வேளையை அன்றன்று முடிவு செய்வது ஓதமே.