ஹாட் டிஸ்க் போனால் கம்பியூட்டரும் போச்சா?

ஹாட் டிஸ்க் பழுதாகி மூலையில் குவிந்து கிடக்கும் கம்பியூட்டர்களை நம்ம பாடசாலைகளில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் கம்பியூட்டர் இல்லாத வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு அந்த அறைதான் ஒரே வழி.

பணிசெயல் முறைமையைப் பென்டிரைவிலிருந்து ரேமுக்கு ஏற்றி ஓட்டினால் ஹாட் டிஸ்க்கே தேவையில்லை. மூன்று வழிகள் சொல்கிறேன்.

பப்பி லினக்ஸ்: அவுஸ்திரேலியாவின் பாரி கௌலர் 2003இல் வெளியிட்டது. சில நூறு எம்பிதான். 2 ஜிபி ரேம் போதும். செய்த வேலையைப் பென்டிரைவில் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளும்.

டைனி கோர்: சுமார் 25 எம்பி. மிகப் பழைய மெஷினிலும் ஓடும். ஆனால் பிரவுசர் முதல் எல்லாவற்றையும் நாமே சேர்க்க வேண்டும்.

லினக்ஸ் மின்ட்: தொடக்கத்தில் ‘டூரேம்’ என்று கொடுத்தால் முழுவதும் ரேமுக்குப் போகும். கிட்டத்தட்ட 3 ஜிபி என்பதால் 8 ஜிபி ரேம் இருந்தால்தான் நிம்மதி.

நம்ம பழைய மெஷின்களுக்குப் பப்பிதான் பொருத்தம். தமிழ் எழுத்துருவையும் லிப்ரே ஆபிஸையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். கரண்ட் போனால் ரேமில் உள்ளது அழிந்துவிடும்; அடிக்கடி சேமிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

பழைய கம்பியூட்டரை இரும்புக்காரருக்குக் கொடுக்க முதல், பக்கத்துப் பாடசாலையில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஹாட் டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.