கண்ணாடிக்கு முன்னால் கண்ணீர்

எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தவர், அடுத்த நொடியே "இல்லைங்க, இப்போ மங்குது" என்றால் லென்ஸ் மாற்றுவதை அங்கேயே நிறுத்திவிடுவேன். "நல்லா கண்ணைச் சிமிட்டிட்டுப் படிங்க" என்பேன். தெளிந்துவிடும். சிமிட்டாமல் பார்க்கச் சொன்னால் மறுபடி மங்கும். பவர் இப்படி நொடிக்கு நொடி மாறாது. மாறுவது கண்ணீர்.

கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் 40-க்கு மேல் கருவிழியின் முன்பரப்பிலேயே கிடைத்துவிடுகிறது. உள்ளிருக்கும் லென்ஸுக்கு மிச்சம்தான். அந்த முன்பரப்பை மூடியிருப்பது வெறும் 3 மைக்ரான் அளவுள்ள கண்ணீர்ப்படலம். அது வழவழப்பாக இருந்தால்தான் ஒளி ஒழுங்காக உள்ளே போகும். அங்கங்கே கிழிந்தால் எழுத்து இரட்டிக்கும், இரவில் எதிர்வண்டியின் விளக்கு சிதறித் தெரியும். புதுக் கண்ணாடி சரியில்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டுகிறவர்களில் சிலருக்கு உண்மையான கோளாறு இந்தப் படலத்தில்தான். கண்புரை அறுவைக்கு முன் எடுக்கும் அளவும் வறண்ட கண்ணில் தப்பாக வரும். தப்பான அளவுக்கு வைத்த லென்ஸைச் சுலபத்தில் மாற்ற முடியாது. முதலில் வறட்சியைச் சரிசெய்துவிட்டு அளவெடுப்பதே முறை.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைக்கு ஒரு சாயத்தாளும் நீல வெளிச்சமும் போதும். ஃப்ளோரெசின் தடவிய தாளை ஒரு சொட்டு சலைனில் நனைத்துக் கீழிமையின் உட்புறம் லேசாகத் தொட வேண்டும். ஸ்லிட் லாம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் நீல விளக்கைப் போட்டால் கண் முழுக்கப் பச்சையாக மின்னும். "சிமிட்டுங்க, இப்போ திறந்தே வைங்க" என்று சொல்லிவிட்டு எண்ணத் தொடங்குவேன். பச்சையின் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு தோன்றும், பிறகு கோடாக ஓடும். படலம் கிழிகிற இடம் அது. 10 நொடிக்குள் கிழிந்தால் கவனிக்க வேண்டும். சிலருக்கு மூன்று எண்ணுவதற்குள் கிழிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. 1903-இல் ஷிர்மர் என்பவர் சொன்ன, கீழிமையில் மாட்டும் காகிதப் பட்டைச் சோதனையும் செய்கிறோம். 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் கண்ணீர் சுரப்பே குறைவு என்று பொருள். ஆனால் சுரப்பு நன்றாக இருந்தும் படலம் நிற்காதவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மா கேட்டார்: "தண்ணியா கொட்டுதுங்க டாக்டர், நீங்க காஞ்சு போச்சுங்கறீங்க?" நியாயமான கேள்வி. படலம் கிழிந்து கருவிழி உறுத்தும்போது கண் அவசரமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. படலத்தை நிற்கவைக்கும் எண்ணெய் இல்லாத வெறும் தண்ணீர் அது. கன்னத்தில் வழியுமே தவிர, கண்ணில் தங்காது. நாள் முழுக்கத் துணியையே உற்றுப் பார்ப்பவர்கள் சிமிட்ட மறந்துவிடுவார்கள். கம்ப்யூட்டர்காரர்களும் அப்படித்தான். நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை மூட வேண்டிய இமை அவர்களுக்கு ஐந்தாறு தடவைதான் மூடுகிறது, அதுவும் பாதிக்கு. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் இமைகள் ஒன்றையொன்று தொடாதது தெரியும்.

எண்ணெய் வருவது இமை ஓரத்திலுள்ள மைபோமியன் சுரப்பிகளிலிருந்து. 1666-இல் மைபோம் என்ற ஜெர்மானியர் விவரித்தவை. மேலிமையில் சுமார் முப்பது, கீழிமையில் சற்றுக் குறைவு. விரலால் இமையை அழுத்தினால் தெளிந்த எண்ணெய் கசிய வேண்டும். சுரப்பி அடைத்த கண்ணில் அது மார்கழித் தேங்காய் எண்ணெயாக உறைந்திருக்கும். மருந்தும் தேங்காய் எண்ணெய்க்குச் செய்வதுதான்: சூடு. கை பொறுக்கும் வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் பத்து நிமிடம் வைக்கவும். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் சோம்பி விடுகிறார்கள். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவி, இமைமுடியின் வேரைத் துடைக்க வேண்டும். நாள்தோறும், வாரக்கணக்கில்.

சொட்டு மருந்தில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸோ ஹயலுரோனேட்டோ போதும். நாளுக்கு நாலு தடவைக்கு மேல் போடுவதாக இருந்தால் பதப்படுத்தி சேர்க்காததைத்தான் எழுதுவேன். பதப்படுத்தியாகச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் கருவிழியையே உறுத்தும். அழற்சி இருந்தால் சைக்ளோஸ்போரின். எரியும், பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் இரண்டாம் வாரமே பாட்டில் குப்பைக்குப் போகும். இதற்கும் அடங்காதவர்களுக்குக் கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான், அவரவர் ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் சீரம் சொட்டு என்று வழிகள் உண்டு. மீன் எண்ணெய் மாத்திரை பற்றிக் கேட்காதவர் இல்லை. 2018-இல் வந்த பெரிய ஆய்வில் அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. நான் எழுதுவதில்லை.

நடுவயதுப் பெண்களிடம் ஒன்று விடாமல் கேட்பேன்: "தண்ணி குடிக்காம சோறு இறங்குதாம்மா? மூட்டு வலிக்குதா?" கண், வாய், மூட்டு மூன்றையும் சேர்த்து 1933-இல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஷோக்ரென் விவரித்த நோய் அதில் பிடிபடலாம், அப்படியானால் வாத நோய் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். அதைவிட ஆபத்து, பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. சிவப்பு சட்டென்று மறையும். மாதக்கணக்கில் போட்டால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், போன பார்வை திரும்பாது. சளிக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளும் கண்ணை வறளவைக்கும். ஆகவே கண் டாக்டரிடம் போகும்போது வீட்டில் போடுகிற சொட்டுப் பாட்டில்களையும் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.