மதுரையில் ஒரு புத்தக யாத்திரை

மதுரைக்குச் செல்லும் பிரயாணி முதலில் மீனாட்சியம்மனைத் தரிசிப்பார். பிறகு திருமலை நாயக்கர் மகாலைப் பார்ப்பார். வெயில் மிகுந்தால் ஜிகர்தண்டா அருந்துவார். எல்லாம் செய்யத் தகுந்த காரியங்களே. ஆனால் பள்ளியில் படிக்கும் குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு அந்நகரில் வேறொரு யாத்திரையும் இருக்கிறது. அது புத்தகங்களைத் தேடிச் செல்லும் யாத்திரை.

வைகையின் தென்கரையில், சிம்மக்கல்லை அடுத்த தமிழ்ச் சங்கம் சாலையில் தொடங்குவோம். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டில் நிறுவிய தமிழ்ச் சங்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரு சொற்பொழிவுக்காக மதுரைக்கு வந்த தேவர், கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டுமென்று கேட்டாராம். தமிழ் வளர்த்த நகரில் அவை அகப்படவில்லையாம். அந்த மனவருத்தத்திலிருந்தே சங்கம் பிறந்தது என்று சொல்லுவார்கள். சங்கத்துடன் பாண்டியன் புத்தகசாலையையும் அவர் ஏற்படுத்தினார். ஊருக்கு எத்தனை பழம்பெருமை இருந்தாலென்ன? வேண்டிய புத்தகம் வேண்டியபோது கைக்கு வராவிட்டால், அந்தப் பெருமை ஏட்டுச் சுரைக்காய்தானே!

அங்கிருந்து சிறிது தூரத்தில், வடக்கு வெளி வீதியில், சேதுபதி பள்ளி நிற்கிறது. 1904-ஆம் ஆண்டில் பாரதியார் சில மாதங்கள் இங்கே தமிழ் கற்பித்தார். அவரிடம் பாடம் கேட்ட பிள்ளைகள் பாக்கியசாலிகள். ஆனால் எவ்வளவு சிறந்த உபாத்தியாயரும் ஒருநாள் பள்ளியை விட்டுப் போய்விடுவார். அவருக்குப் பின்னும் அங்கே இருந்து, புதிது புதிதாக வரும் பிள்ளைகளுடன் பேசக்கூடியவை புத்தகங்களே.

இனி, 1889-இல் கட்டி முடிந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியே வைகையைக் கடப்போம். வடகரையில், அமெரிக்கன் கல்லூரியில் டானியல் பூவர் பெயரால் ஒரு நூலகம் உண்டு. அப்பால், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ஆம் ஆண்டு முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் நடந்து வருகிறது. அங்கும் ஒரு நூலகம். பிறகு புது நத்தம் சாலை. 2023-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி, காமராஜர் பிறந்த தினத்தன்று, கலைஞர் நூற்றாண்டு நூலகம் இங்கே திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பெரிய கட்டடம். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியும் உண்டு. அங்கே நம் குழந்தைகளை விட்டுவிட்டால் திரும்ப அழைத்து வருவதுதான் கஷ்டம்!

இத்துடன் யாத்திரையை முடித்துக்கொண்டால் மனம் நிறைந்துவிடும். ஆனால் இன்னும் சிறிது தூரம், மேலூர்ச் சாலையில் வாருங்கள். படுத்திருக்கும் யானையைப் போன்ற ஆனைமலையைத் தாண்டினால், பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள். மேற்கே மலைகளுக்கு அப்பால் 1895-இல் அணை கட்டி முடிந்தது. ஆயினும், அணையில் தேங்கிய நீர் தானாக வயலுக்கு வந்துவிடுமா? கால்வாய் வேண்டும், மடை வேண்டும், மடையைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும்.

புத்தகத்தின் கதையும் இதுவே. இந்த வயல்களின் நடுவே வசிக்கும் சிறுமிக்கு நகரத்துப் பெரிய நூலகம் வெகு தூரம். அவள் தினந்தோறும் போகும் இடம் பள்ளிக்கூடம். அங்கே புத்தகங்கள் இல்லாமலில்லை. அவற்றை வாங்க அரசாங்கம் பணமும் தருகிறது. ஆனால் பல பள்ளிகளில் அவை பீரோவுக்குள் வாசம் செய்கின்றன. நூலகர் என்று தனியே ஒருவர் இல்லை. ஏற்கெனவே பாடச்சுமை உள்ள உபாத்தியாயர் ஒருவரிடம் சாவி இருக்கும். புத்தகம் தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று அவர் அஞ்சினால், அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

இந்த அச்சத்துக்கு மருந்து சொன்னவரும் நம் தமிழரே. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராயிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்காகவே இருக்கின்றன என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் சென்றன. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948-இல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன் பயனாக இன்றும் வீட்டு வரியுடன் நூலக வரியும் செலுத்துகிறோம். ஆனால் அச்சட்டம் பொது நூலகங்களுக்காக ஏற்பட்டது. பள்ளிக்கூடத்துப் பீரோவை அது திறக்கவில்லை.

அண்மையில் தமிழக அரசு பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. அழகான ஏற்பாடு. எந்தக் குழந்தை நடக்கிறது, எது பறக்கத் தயாராயிருக்கிறது என்று கண்டறிந்து, உரிய புத்தகத்தை எடுத்துக் கொடுப்பவரே நூலகர். பாட்டில் பிரியமுள்ள பையனுக்குப் பாட்டுப் புத்தகத்தையும், நட்சத்திரங்களைப் பற்றி ஓயாமல் கேட்கும் பெண்ணுக்கு வானசாஸ்திரத்தையும் அவர் கொடுப்பார். படிப்பே வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை, அவர் கொடுத்த ஒரு கதையினால் படிக்கத் தொடங்கிவிடலாம். இது உத்தியோகம் மட்டுமன்று, தேசத் தொண்டு.

அடுத்த முறை குழந்தையின் பள்ளிக்குச் செல்லும்போது, மதிப்பெண்களைப் பற்றிக் கேட்பதற்கு முன் பெற்றோர் ஒன்று கேட்கட்டும்: "நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? வாரத்தில் எத்தனை முறை திறக்கிறீர்கள்?" பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் பீரோ திறக்கும். ஊர்தோறும் கேட்டால், பள்ளிதோறும் ஒரு நூலகர் வரும் காலமும் வரும்.