சைபர் மைலில் ஒரு தாத்தா

கடல் கொந்தளித்தால் படகுக்காரன் என்ன செய்வான்? கரையோரம் ஒதுங்குவான். அமெரிக்காக்காரர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், ஒதுங்குவதற்கென்றே கரைக்கு உள்ளே ஒரு தண்ணீர் ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள்! வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் ஆரம்பித்து மியாமி வரை சுமார் 1,100 மைல். ஆறு, காயல், கழிமுகம் எல்லாவற்றையும் கால்வாய் வெட்டிக் கோத்திருக்கிறார்கள். நம்ம பக்கிங்காம் கால்வாயின் பணக்காரப் பெரியப்பா என்று வைத்துக் கொள்ளுங்களேன். (பெரியப்பா வீட்டில் இன்னும் படகு ஓடுகிறது என்பதுதான் வித்தியாசம்!)

குளிருக்குப் பயந்து படகிலேயே குடும்பத்தோடு தெற்கே போய், ஜூன் 1-ல் புயல் சீசன் ஆரம்பிப்பதற்குள் வீடு திரும்புகிற கூட்டம் ஒன்று அங்கே உண்டு. அப்படித் திரும்பிக் கொண்டிருந்த ஒரு குடும்பத்தோடு, ஒரு மே மாதம், வட கரோலினாவின் போஃபோர்ட் துறைமுகத்தில் தொற்றிக் கொண்டேன். 38 அடிப் பாய்மரப் படகு. கணவர் என்னோடு வேலை பார்த்தவர். படகில் அவர் வெறும் சமையல்காரர். மனைவிதான் கேப்டன்! ஒன்பது வயசில் ஒரு மகள்.

நான் ஏறிய சனிக்கிழமையே படகில் சண்டை. கேப்டனின் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை நார்ஃபோக்கில் இருதய ஆபரேஷன். போஃபோர்ட்டிலிருந்து காரில் போனால் நாலு மணி நேரம்தான். அதை நானும் கேட்டேன்.

"இது எங்கப்பாவோட படகு. ஆபரேஷனுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பார்க்கணும்னு சொல்லிட்டார். என்னைப் பார்க்கணும்னு சொல்லலை!" என்றார் கேப்டன்.

வெளிக்கடல் வழியே ஹாட்டரஸ் முனையைச் சுற்றினால் இரண்டு நாள். உள்வழியில் போனால் ஐந்து நாள். கணவருக்கு வெளியே போக ஆசை. ஆனால் ஹாட்டரஸ் சாதாரண ஆசாமி இல்லை. தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் வடக்கின் குளிர்நீரும் அங்கேதான் மோதுகின்றன. கூடவே கடலுக்குள் நீளும் மணல் திட்டுகள். 'அட்லாண்டிக்கின் சுடுகாடு' என்றே அதற்குப் பட்டப்பெயர். உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற 'மானிட்டர்' என்ற இரும்புப் போர்க்கப்பல் 1862 டிசம்பர் 31-ல் அங்கேதான் மூழ்கியது. வடகாற்று வேறு வரப் போவதாக ரேடியோ சொன்னது. நீரோட்டம் வடக்கே ஓட, காற்று எதிரே அடித்தால் அலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும்.

"அப்பாவைப் பார்க்கணும்னா முதல்ல நான் உயிரோட இருக்கணும்" என்றார் கேப்டன். சண்டை முடிந்தது.

ஞாயிறு காலை கிளம்பினோம். மணிக்கு ஆறு மைல் வேகம். தாம்பரத்து சைக்கிள்காரர் எங்களை ஓவர்டேக் செய்துவிடுவார். இந்த வழியில் மைல் கணக்கு நார்ஃபோக்கில் சைபரில் தொடங்குகிறது. போஃபோர்ட் 200 சொச்சம். சிறுமி ஒரு தாளில் எண்களை எழுதி, தாண்டத் தாண்ட அடித்துக்கொண்டே வந்தாள்.

திங்கள் மாலை முதலை ஆறு. பேர்தான் அப்படி, ஒரு முதலையும் தலை காட்டவில்லை. செவ்வாய் பூராவும் அங்கேயே நங்கூரம்! எதிரே அல்பமார்ல் காயல். இருபதடிகூட ஆழமில்லாத பெரிய தாம்பாளம் அது. காற்றடித்தால் அலை குட்டை குட்டையாகக் குதித்துப் படகை உதைக்கும். கேப்டன் அன்றைக்கு யாருடனும் பேசவில்லை. நண்பர் மூன்று தடவை காபி போட்டார்.

புதன்கிழமை காற்று தணிய, தாண்டி எலிசபெத் சிட்டி சேர்ந்தோம். படகில் வரும் பெண்களுக்கு ரோஜாப்பூ கொடுத்து வரவேற்கிற ஊர். 1983-ல் இரண்டு நண்பர்கள் ஆரம்பித்த வழக்கமாம். எங்கள் படகுக்கு இரண்டு ரோஜா. ஆண்களுக்கு? பெப்பே!

வியாழக்கிழமைதான் உண்மையான பரீட்சை. அந்த ஊரைத் தாண்டினால் 'டிஸ்மல் ஸ்வாம்ப்' கால்வாய். சோகச் சதுப்பு! 1793-லிருந்து 1805 வரை அடிமைகளைக் கொண்டு, சேற்றில் நிற்கவைத்துக் கையாலேயே வெட்டிய 22 மைல். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்ததும் இதே சதுப்பில்தான். மரப்பட்டைச் சாறு இறங்கித் தண்ணீர் அசல் டிகாக்ஷன் நிறம். கெடாது என்பதால் அந்தக் காலக் கப்பல்காரர்கள் பீப்பாயில் பிடித்துப் போவார்களாம். இரண்டு பக்கமும் மரங்கள் குனிந்து பார்க்க, படகு போகிறது. சும்மா சொல்லக் கூடாது, சொர்க்கம்!

ஆனால் ரசிக்க யாருக்கு நேரம்? கால்வாயின் இரண்டு முனையிலும் லாக் உண்டு. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றி இறக்குகிற தொட்டி. ஒரு நாளைக்கு நாலே தடவைதான் திறப்பார்கள். தெற்கு லாக்கில் பதினொரு மணிக்கு ஏறினோம். வடக்கு லாக்கின் கடைசித் திறப்பு மூன்றரை. விட்டால் மறுநாள் காலை எட்டரை. அதற்குள் தாத்தா ஆபரேஷன் தியேட்டரில்! வேகமாகவும் போக முடியாது. அடியில் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைகள் 'டங்... டங்' என்று தட்டின. ஒவ்வொரு 'டங்'குக்கும் கேப்டன் கண்ணை மூடித் திறந்தார்.

மூன்று இருபத்தைந்துக்கு லாக் கதவு தெரிந்தது. திறந்துதான் இருந்தது! எங்களை இறக்கிவிட்ட அதே ஆள், காரில் ஏறி முன்னால் போய், பாலத்தையும் தூக்கிவிட்டார். ஒரே சம்பளம்தானாம்.

போர்க்கப்பல்களுக்கு நடுவே புகுந்து நார்ஃபோக் சேர்ந்தபோது ஆறு மணி. சிறுமி சைபரையும் அடித்தாள். படித்துறையில் மடக்கு நாற்காலி போட்டுத் தாத்தா. பேத்தி நீட்டிய வாடிய ரோஜாவை வாங்கிக்கொண்டார். பார்வை மட்டும் படகின் அடிப்பக்கத்தில்.

"எத்தனை இடத்துல இடிச்சே?"

"நாலு கட்டைப்பா."

"வெளியே வந்திருந்தா செவ்வாயே வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம்."

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானா இருந்தாலும் உள்ளேதான் வந்திருப்பேன்" என்று கையை நீட்டினார், படகில் ஏற்றிவிடச் சொல்லி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "படகை ஒழுங்காக் கட்டினீங்களா?"