தன் கைப்பொருள்

பொருள் என்பது தமிழில் ஆழமுடைய சொல். கையிலுள்ள செல்வமும் பொருள். சொல்லில் உறையும் கருத்தும் பொருள். திருவள்ளுவர் அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவே பொருளை வைத்ததோடு அமையாது, பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரமும் வகுத்தார். பொருளைத் தேடுதல், பேணுதல், அளவறிந்து செலவிடுதல் ஆகிய மூன்றும் மாந்தர் யாவர்க்கும் உரியவை என்பர் பெரியோர். அந்த 'யாவர்' என்னும் சொல்லுள், அறிவு வளர்ச்சி மெல்ல அமையப் பெற்றோரும் அடங்குவரோ? இவ்வினா சிறிதன்று, பல குடும்பங்களின் வாழ்வு இதன் விடையைச் சார்ந்து நிற்கின்றது.

காவிரி நாட்டில் குடமுருட்டியாற்றின் வளம் பெற்ற ஊர் பாபநாசம். அதன் பகுதியாகிய திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலை ஒட்டி நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று உள்ளது. செங்கல்லால் எழுந்த அக்களஞ்சியம் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். இத்துணை நெல்லையும் அளந்து கொட்டியவர் எல்லாரும் ஏடு கற்றவர் அல்லர். முதல் மரக்காலை 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று சொல்லித் தொடங்கி, மேலே எண்ணிச் சென்றனர். எண்ணிக்கை பிறழாதிருக்கச் சுவரில் கரிக்கோடு இட்டனர். மரக்காலும் கரிக்கோடும் அவர்தம் நினைவுக்குத் துணைநின்ற கருவிகள். கருவியின் துணை கொண்டு அளந்தவனை அளக்கத் தெரியாதவன் என்று ஊரார் தள்ளினாரில்லை. இவ்வுண்மையை உள்ளத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்லுதல் நன்று.

அறிவுசார் குறைபாடு என்பது பித்து அன்று. தொற்றும் நோயும் அன்று. இளமை முதலே கற்றலும், கற்றதை வாழ்க்கையில் பொருத்திச் செய்தலும் மெல்ல நிகழும் ஒரு நிலை அது. அதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். எழுதத் தெரியாத ஒருவர் பேருந்தில் தனியே சென்று வருவார். கணக்குப் போட இயலாத மற்றொருவர் தம் கூலியில் ஒரு தாள் குறைந்தாலும் உடனே கண்டுகொள்வார். ஆகவே, ஒன்று இயலாமை கண்டு எல்லாம் இயலாது என்று முடிவு கட்டுதல் முறையாகாது.

பாபநாசத்தை அடுத்த இராஜகிரியும் பண்டாரவாடையும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர்பெற்றவை. அங்குள்ள ஒரு கொடிக்காலில், இத்தகைய குறைபாடுடைய இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் வேலை செய்கிறான் என்று கொள்க. அவன் வெற்றிலையைத் தரம் பிரிப்பான். நூறு வெற்றிலை கொண்ட கவுளிகளாக அடுக்குவான். வாடல் இலையை ஒதுக்குவான். மாலையில் அவனுக்குரிய கூலியை வாங்குவது அவன் கை அன்று, தாயின் கை. 'அவனுக்கு என்ன தெரியும்? தொலைத்துவிடுவான், எவனாவது ஏய்த்துவிடுவான்' என்று அஞ்சுகிறாள் அவள். அவ்வச்சம் அன்பிலிருந்து பிறந்தது; பழிக்கத்தக்கதன்று. ஆயினும் அதன் பயன் யாது? பத்து ரூபாய் வேண்டுமென்றாலும் அவன் பிறர் முகத்தை நோக்கி நிற்கின்றான். உழைத்துப் பெற்ற பொருளுக்கே அவன் இரவலன் ஆகின்றான். தாய்க்கு முதுமை வருதல் உறுதி. அவளுக்குப் பின், ஒரு நாளும் காசைத் தொட்டறியாத அவன் யார் கையில் விழுவான்? எந்தத் தீங்குக்கு அஞ்சித் தாய் காசை மறைத்தாளோ, அந்தத் தீங்குக்கே அவனை அவள் ஆயத்தம் இன்றி விட்டுச் செல்கின்றாள்.

இதற்கு வழி, பணத்தை அவனிடம் எறிந்துவிட்டு விலகுவதும் அன்று. அவன் கையிலிருந்து பறிப்பதும் அன்று. உடனிருந்து பழக்குவதே ஆகும். முதற்கண், தாள்களை அறிதல் வேண்டும். புதிய வரிசைத் தாள்களில் நூறு ரூபாய் இளஊதா நிறம், இருநூறு, ஒளிர்மஞ்சள், ஐந்நூறு, சாம்பல். மதிப்பு ஏற ஏறத் தாளின் நீளமும் கூடும். எழுத்தறியாதார்க்கும் நிறமும் நீளமும் வழி காட்டும். பழைய வரிசைத் தாள்களும் கைமாறுவதால், இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுதல் வேண்டும். விளையாட்டுத் தாளினும் மெய்யான தாளே இதற்குச் சிறந்தது.

அடுத்தது, கடையில் கொடுக்கும் முறை. முப்பத்தேழு ரூபாய் என்று கடைக்காரர் சொன்னால், கூட்டிக் கழிக்க வேண்டுவதில்லை. முப்பது என்பதை மட்டும் செவியில் கொண்டு, மூன்று பத்து ரூபாய்த் தாள்களோடு இன்னும் ஒன்று சேர்த்து நான்காகக் கொடுத்து, மீதிக்குக் கை நீட்டினால் போதும். ஒரே கடைக்கு, கூட்டம் குறைந்த வேளையில், வாங்க வேண்டியவற்றின் படம் தீட்டிய சீட்டோடு சில நாள் உடன் சென்று, பின் வாசலில் நின்று, பின் தெருமுனையில் நின்று, இறுதியில் வீட்டிலேயே இருந்துவிடுதல் வேண்டும். துணை இவ்வாறு படிப்படியாகத் தேய்வதே பயிற்சியின் வெற்றி.

வீட்டில் மூன்று கலயங்கள் போதும். ஒன்று சோற்றுச் செலவுக்கு, ஒன்று சேமிப்புக்கு, ஒன்று அவன் விருப்பத்துக்கு. மூன்றாவதில் உள்ளதை அவன் எதற்குச் செலவிட்டாலும் கடிதல் கூடாது. தேருக்குப் போய் மிகுந்த விலைக்கு ஊதுகுழல் வாங்கி வந்தால், வாங்கி வரட்டும். மறுநாள் தேநீருக்குக் காசில்லை என்பதை அக்கலயமே அவனுக்கு உணர்த்தும். சிறு தொகையில் தவறும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அதனை மறுத்தால் கல்வியையே மறுத்ததாகும்.

சேமிப்புக் கலயம் நிறைந்ததும் அஞ்சலகமோ வங்கியோ அடுத்த படி. கணக்கு அவன் பெயரில் இருத்தல் வேண்டும். பணம் எடுக்குந்தோறும் கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்து, அவனிடமே காட்டுதல் வேண்டும். மறைவெண்ணைக் கேட்டு வரும் தொலைபேசிக்கு, கேட்பவர் எவராயினும், 'சொல்லமாட்டேன்' என்னும் ஒரு சொல்லைப் பலகால் பழக்குதல் இக்காலத்தில் இன்றியமையாதது.

இவை இரக்கத்தால் செய்யும் உதவிகள் என்று எண்ணற்க. இவை உரிமையின் பாற்பட்டவை. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. தம் பொருளைத் தாமே ஆளும் உரிமை அவர்க்கும் பிறரோடு ஒப்ப உண்டு என்று அதன் 12ஆம் உறுப்பு கூறுகின்றது. இந்தியா 2007இல் அதனை உறுதிசெய்தது. அதன்வழிப் பிறந்ததே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. சொத்துடைமையும் தம் பணத்தை ஆளுதலும் வங்கிக்கடனும் அவர்க்கும் உரியன என்று அதன் 13ஆம் பிரிவு விதிக்கின்றது. அன்றியும், ஒரு பணச்செயலில் துணைநிற்பவரின் நலனும் அவர்தம் நலனும் முரணுமாயின், அச்செயலில் துணைநிற்பவர் விலகி நிற்றல் வேண்டும் என்றும் அப்பிரிவே கூறுகின்றது. தம்பியின் நிலத்தைத் தானே வாங்க விரும்பும் அண்ணன், அவ்விற்பனையில் தம்பிக்கு அறிவுரை கூறும் தகுதியை இழக்கின்றான். எத்துணை நுட்பமான நீதி!

மிகுந்த துணை வேண்டுவோரும் உளர். அவர்பொருட்டு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மாவட்டந்தோறும் அமையும் குழுவின் வாயிலாகக் காப்பாளரை அமர்த்த வழி செய்தது. அக்காப்பாளர் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். காப்பாளர் உடைமையாளர் ஆகார் என்பதற்கு இஃதொரு சான்று. சுவீடன் நாடு, பெரியவர் ஒருவரின் சட்டத் தகுதியை முற்றும் நீக்கும் பழைய முறையை 1989ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. பெரு நாடும் 2018இல் அவ்வழியில் சென்றது.

'ஏமாற்றுவார் மலிந்த உலகில் இது பொருந்துமோ?' என்று வினவுவார் உண்டு. ஏமாறுதல் கற்றவர்க்கும் நேர்வதே. அதற்காகக் கற்றவரின் பணப்பையை எவரும் பறிப்பதில்லை. காவல் வேண்டும், ஆனால் காவல் வேறு, சிறை வேறு. வயலுக்கு வரப்பு வேண்டும். வரப்பே வயல் முழுவதும் பரந்தால் நெல் விளைய இடம் ஏது?

மாணவர்களே! உங்கள் தெருவிலும் உங்கள் உறவிலும் இத்தகையோர் இருத்தல் கூடும். அவர் கடையில் நின்று தாள்களை ஒவ்வொன்றாக எண்ணும்போது, பின்னிருந்து நெருக்காதீர். அவர் கையிலிருந்து வாங்கி நீங்கள் எண்ணாதீர். கேட்டால் மட்டும் உதவுங்கள். அவர் எண்ணி முடிக்கும் வரை காத்திருக்கும் அச்சிறு பொழுது, நீங்கள் அவர்க்குச் செலுத்தும் மதிப்பாகும்.